கொரண்டம்: குருந்தமா, குருவிந்தமா? கார்பரண்டத்தில் கொரண்டம் உண்டா?

அகராதிப்பூச்சி | மார்ச் 4, காலை 8.40

ஆங்கில அகராதிகளில் ‘கொரண்டம்’ (சாணை பிடிக்க உதவும் கடினக் கனிமம்) என்ற சொல்லுக்குத் தமிழ்ச் சொல்லான ‘குருந்தம்’ மூலம் என்று போட்டிருக்கிறார்கள். தெலுங்கு தெரிந்தவர்கள் ‘குருவிந்தம்’ எங்களுடையது என்கிறார்கள். வடமொழிக்காரர்கள் அதே குருவிந்தத்தைத் தங்களுடையது என்கிறார்கள். எது சரி?

கூடவே இரண்டு சந்தேகங்கள். சாணைப்பொடிக்கும் மாணிக்கத்துக்கும் ஒரே பெயர் எப்படி வந்தது? பட்டறையில் சொல்லும் ‘கார்பரண்டம் கல்’ இந்தக் கொரண்டம்தானா?

நிகண்டு | மார்ச் 4, முற்பகல் 11.15

முதல் கேள்விக்கு மட்டும் இப்போது. சொல் எந்த மொழியில் பிறந்தது என்பது ஒன்று, ஐரோப்பியர் காதில் எந்த ஊரில் விழுந்தது என்பது வேறு. இரண்டையும் கலக்கும்போதுதான் இந்தச் சண்டை வருகிறது.

ஐரோப்பியப் பதிவுகளில் பழையது பிரெஞ்சுப் பயணி தெவெனோ எழுதியது. 1666 வாக்கில் கோல்கொண்டா ராச்சியத்தைப் பற்றி எழுதும்போது, அங்கே ஓரிடத்தில் கிடைக்கும் வெள்ளை எமரிக்கு, அதாவது மெருகேற்றும் கல்லுக்கு, தெலுங்கில் ‘கோரிண்ட்’ என்று பெயர் என்கிறார். மொழியின் பெயரை அவரே குறிப்பிட்டுவிட்டதால் இதில் வாதத்துக்கு இடமில்லை.

அடுத்தது ஜான் உட்வர்ட் 1720களில் போட்ட அயல்நாட்டுக் கற்களின் பட்டியல். அதில் ‘நெல்ல கோரிவிண்டம்’ என்று ஒரு கல் வருகிறது. நெல் விளையும் வயல்களில் கிடைக்கும், வயல் எலிகள் மண்ணோடு தோண்டி வெளியே போடும், இரும்பை மெருகேற்ற எமரிபோலப் பயன்படும் என்று குறிப்பு. இங்கே ‘வி’ ஒலி அப்படியே நிற்பதைக் கவனியுங்கள். குருவிந்தம்தான் அவர் எழுதியது.

இன்று ஆங்கிலத்தில் இருக்கும் வடிவத்தில் அந்த ‘வி’ இல்லை. குருவிந்தத்தில் ‘வி’ கரைந்தால் கிடைப்பது குருந்தம். அகராதிகள் தமிழைக் காட்டுவதற்கு இந்த ஒலி ஒற்றுமைதான் காரணம், நியாயமான காரணம்தான். ஆனால் ‘தமிழிலிருந்து மட்டுமே’ என்று அடித்துச் சொல்ல முடியாது. ஐரோப்பியருக்குச் சொல் முதலில் எட்டியது தெலுங்கு வழியாக, நிலைத்த வடிவம் தமிழுக்கு நெருக்கமானது என்று சொல்வதுதான் சரி.

பாறைக்கோடு | மார்ச் 4, பிற்பகல் 2.05

சாணைப்பொடியும் மாணிக்கமும் ஒரே பெயருக்குள் வந்தது பற்றி.

1760களின் பிற்பகுதியில் சென்னையிலிருந்த டாக்டர் ஆண்டர்சன், எடின்பரோவில் கல்லில் உருவம் செதுக்கிக்கொண்டிருந்த வில்லியம் பெர்ரிக்கு ஒரு பெட்டி படிகங்களை அனுப்பினார். வைரம் தவிர மற்ற எல்லாக் கற்களையும் இந்தியாவில் இதை வைத்துத்தான் மெருகேற்றுகிறார்கள் என்ற தகவலும் கூடப் போனது. வேதியியலாளர் ஜோசப் பிளாக் அதைப் பார்த்து, ஐரோப்பாவில் தெரிந்த எந்தக் கல்லும் இல்லை என்று முடிவுசெய்தார். கடினத்தன்மையை வைத்து ‘அடமண்டைன் ஸ்பார்’ என்று ஒரு பெயர் ஒட்டிக்கொண்டது. வைரம்போல் உறுதியான ஸ்பார் (பளபளப்பாகப் பிளக்கும் படிகக் கல்) என்று பொருள்.

1798இல் சார்லஸ் கிரெவில் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் ஆசியக் கொரண்டம் கல்லைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதினார். உள்ளூர்ப் பெயரையே தலைப்பில் வைத்தார். அது அப்படியே நின்றது, அடமண்டைன் ஸ்பார் மெல்ல வழக்கொழிந்தது. அதுவரைக்கும் கொரண்டம் என்றால் மங்கலான, பழுப்பும் சாம்பலுமான அரைக்கும் கல் மட்டுமே. மாணிக்கமும் நீலமும் வேறு சாதி. பிரான்சில் ரெனே ஆயுய் அவற்றுக்குத் ‘தெலெசி’ என்று தனிப்பெயர்கூட வைத்திருந்தார்.

திருப்பம் 1802. கவுண்ட் போர்னோன் படிக அமைப்பை ஒப்பிட்டு மூன்றும் ஒன்றே என்று காட்டினார். அதே ஆண்டு ரிச்சர்ட் செனவிக்ஸ் வேதியியல் பகுப்பாய்வையும் வெளியிட்டார். எல்லாமே அலுமினியம் ஆக்சைடு. குரோமியம் சிறிது சேர்ந்தால் சிவப்பு, இரும்பும் டைட்டானியமும் சேர்ந்தால் நீலம். மெருகேற்றும் பொடியின் பெயர் ரத்தினங்களுக்கெல்லாம் குடும்பப் பெயர் ஆனது இப்படித்தான்.

கெம்புக்கல் | மார்ச் 4, மாலை 6.30

பாறைக்கோடு சார் சொன்ன வரலாறு ஐரோப்பியப் பக்கம். நம் பக்கத்தில் குருவிந்தம் முதலிலிருந்தே மாணிக்க வகைதான். மாணிக்கத்தை நாலு சாதியாகப் பிரிப்பார்கள்: சாதுரங்கம், குருவிந்தம், சௌகந்திகம், கோவாங்கம். சிலப்பதிகாரம் ஊர்காண் காதையில் மதுரை ரத்தினக் கடைத்தெருவைச் சொல்லும்போது ‘பதுமமும் நீலமும் விந்தமும் படிதமும்’ என்று வருகிறதே, அதில் ‘விந்தம்’ குருவிந்தம்தான் என்பது உரைகாரர்கள் கொள்ளும் பொருள்.

ஆக ஒரே சொல்லுக்கு இரண்டு முனை. ரத்தினத் தட்டில் குருவிந்தம் சிவப்புக் கல், சாணைக்காரரிடம் குருந்தம் அரைக்கும் பொடி. போர்னோன் ஒன்று என்று நிறுவியதை இந்தச் சொல் முன்பே ஒன்றாக வைத்திருந்தது எனக்கு இன்றைக்கும் வியப்புத்தான்.

நிகண்டு | மார்ச் 4, இரவு 9.50

கெம்புக்கல் சொன்னதில் ஒரு எச்சரிக்கை சேர்க்க வேண்டும். வடமொழியில் குருவிந்தம் என்பது மாணிக்கத்தையும் குறிக்கும், சாதிலிங்கம் என்ற சிவப்புப் பாதரசத் தாதுவையும் குறிக்கும், கோரைக்கிழங்கையும் குறிக்கும். முதல் இரண்டையும் சேர்ப்பது சிவப்பு நிறம், கல்லின் இனம் அல்ல. எனவே பழைய ஆட்கள் படிகவியல் ரீதியாக ஒன்று என்று அறிந்துதான் ஒரே சொல்லால் சொன்னார்கள் என்று முடிவுகட்ட வேண்டாம். அரைக்கும் கல்லின் சில துண்டுகள் சிவந்திருக்கும், சுரங்கத்தில் இரண்டும் அருகருகே கிடைக்கும். பெயர் ஒட்ட அதுவே போதும்.

இன்னொரு குழப்பத்தையும் முன்கூட்டியே தீர்த்துவிடுகிறேன். கண்ணன் ஒசித்த குருந்தும், மாணிக்கவாசகருக்குத் திருப்பெருந்துறையில் நிழல் தந்த குருந்தும் மரம். காட்டெலுமிச்சை இனம். கல்லோடு தொடர்பில்லை.

அகராதிப்பூச்சி | மார்ச் 5, காலை 7.55

உட்வர்டின் ‘நெல்ல’ என்பது நெல்லா? நெல் வயலில் கிடைப்பது என்று அவரே சொல்கிறாரே. அப்படியானால் அது தமிழ்ச் சான்று ஆகாதா?

நிகண்டு | மார்ச் 5, காலை 10.20

ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் இல்லை. தெலுங்கில் ‘நல்ல’ என்றால் கறுப்பு. கறுப்புக் குருவிந்தம் என்பது கல் வியாபாரிக்கு இயல்பான பெயர். தெவெனோ சொன்னதும் ‘வெள்ளை’ எமரி என்பதைச் சேர்த்துப் பாருங்கள். நிறத்தை வைத்துத் தரம் பிரிப்பது எங்கும் உள்ள வழக்கம். ‘நெல் குருவிந்தம்’ என்று எந்தச் சாணைக்காரரும் சொல்ல மாட்டார். வயலும் எலியும் கல் கிடைக்கும் இடத்தைப் பற்றிய தனித் தகவல். பாறை மக்கி மண்ணானாலும் கொரண்டம் மக்காது, உழவு நிலத்தில் அப்படியே கிடக்கும்.

லேத்துப்பட்டறை | மார்ச் 5, மதியம் 1.10

மூன்றாவது கேள்விக்கு யாரும் வரவில்லை, நான் சொல்கிறேன். கார்பரண்டத்தில் கொரண்டம் ஒரு துளிகூட இல்லை.

1891இல் பென்சில்வேனியாவில் எட்வர்ட் அச்செசன் ஓர் இரும்புக் கிண்ணத்தில் களிமண்ணையும் தூளாக்கிய கோக்கையும் (சுட்ட நிலக்கரி) போட்டு, நடுவில் கார்பன் கம்பியைச் செருகி மின்சாரம் பாய்ச்சினார். கம்பி முனையில் பளபளவென்று சிறு படிகங்கள். கண்ணாடியைக் கீறின. களிமண்ணில் அலுமினா உண்டு, கோக்கில் கார்பன் உண்டு. எனவே இது கார்பனும் கொரண்டமும் சேர்ந்த பொருள் என்று நினைத்துக் கார்பரண்டம் என்று பெயர் வைத்தார். சோதித்துப் பார்த்தால் களிமண்ணில் இருந்த சிலிக்கான்தான் கார்பனோடு சேர்ந்திருந்தது. சிலிக்கான் கார்பைடு, கொரண்டத்தைவிடக் கடினமானது. 1893இல் காப்புரிமை. அதற்குள் பெயர் நிலைத்துவிட்டது, யாரும் மாற்றவில்லை.

நிஜக் கொரண்டத்தை உலையில் செய்தபோது அதற்கு வைத்த வணிகப் பெயர்கள் அலண்டம், அலாக்சைட் என்று போயின. கொரண்டம் இல்லாததற்குக் கொரண்டத்தின் பெயர், கொரண்டத்துக்கு வேறு பெயர். பட்டறையில் இன்றைக்கும் நடக்கும் குழப்பத்துக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

1954இல் முருகப்பா குழுமம் அமெரிக்கக் கார்பரண்டம் கம்பெனியோடும் பிரிட்டனின் யுனிவர்சல் கிரைண்டிங் வீல் கம்பெனியோடும் சேர்ந்து சென்னையில் தொடங்கியதுதான் கார்பரண்டம் யுனிவர்சல். கடல் கடந்துபோன குருந்தத்தின் பின்பாதி, ‘கார்ப’ என்ற முன்பாதியோடு திரும்பி வந்தது.

அகராதிப்பூச்சி | மார்ச் 5, மதியம் 1.40

அப்படியானால் பட்டறைக்காரர் கடையில் போய் என்ன கேட்பது? கார்பரண்டம்தான் கொரண்டத்தைவிடக் கடினம் என்றால் எல்லாவற்றுக்கும் அதையே வாங்கிவிடலாமே?

லேத்துப்பட்டறை | மார்ச் 5, மாலை 5.25

கூடாது. அதிகம் பேர் கல்லை வீணாக்குவது இப்படித்தான். விவரமாகவே எழுதுகிறேன்.

பெயரைக் கேட்காதீர்கள், கல்லின் லேபிளைப் படியுங்கள். ‘ஏ 46 கே 5 வி’ என்று இருந்தால்: ‘ஏ’ அலுமினியம் ஆக்சைடு, அதாவது உண்மையான கொரண்டம், செயற்கையாகச் செய்தது. ‘சி’ என்று இருந்தால் சிலிக்கான் கார்பைடு. ‘டபிள்யூஏ’ வெள்ளை அலுமினா, ‘ஜிசி’ பச்சை சிலிக்கான் கார்பைடு. 46 மணியின் பருமன், அங்குலத்துக்கு இத்தனை கண் உள்ள சல்லடையில் சலித்தது. எண் கூடினால் மணி நைசு. ‘கே’ பிடிப்பின் இறுக்கம். ஏ மெது, இசட் கடினம். 5 மணிகளுக்கு இடையிலுள்ள இடைவெளி. கடைசி எழுத்து பிணைப்பு: ‘வி’ சுட்ட களிமண், ‘பி’ ரெசின், ‘ஆர்’ ரப்பர்.

எஃகுக்கு ‘ஏ’. வார்ப்பிரும்பு, பித்தளை, அலுமினியம், கருங்கல், கண்ணாடி ஆகியவற்றுக்குச் ‘சி’. டங்ஸ்டன் கார்பைடு முனை வைத்த டூலுக்குப் பச்சைக் கல் (‘ஜிசி’).

கடினமான ‘சி’ எஃகில் ஏன் தோற்கிறது? தேய்க்கும் புள்ளியில் சூடு ஏறும்போது சிலிக்கான் கார்பைடின் கார்பனையும் சிலிக்கானையும் இரும்பு தனக்குள் இழுத்துக்கொள்ளும். மணியின் கூர் மழுங்கிப்போகும், கல் வேகமாகத் தேயும். வார்ப்பிரும்பில் ஏற்கெனவே கார்பன் நிறைந்திருப்பதால் அந்த இழுப்பு குறைவு. மறுபுறம் ‘ஏ’ கல்லில் அலுமினியத்தைப் பிடித்தால் உலோகம் மணிகளுக்கு நடுவே அப்பி அடைத்துக்கொள்ளும். அடைத்த கல் வெட்டாது, தேய்க்கும். சூடு ஏறும், கல் விரிசல் விட்டுத் தெறிக்கவும் கூடும்.

இன்னொன்று புதியவர்களுக்குப் புரியாதது: கெட்டியான பொருளுக்கு மெதுவான பிடிப்புள்ள கல், மெதுவான பொருளுக்குக் கெட்டிப் பிடிப்புள்ள கல். கெட்டிப் பொருளில் மணி சீக்கிரம் மழுங்கும். மழுங்கியது உதிர்ந்து அடுத்த மணி வெளியே வர வேண்டும். பிடிப்பு இறுகியிருந்தால் மழுங்கிய மணியே நின்று கல் கண்ணாடிபோல் மினுங்கும், வேலைப்பொருள் நீலம் பாயும். ஹைஸ்பீடு டூல் நீலமாகிறது என்றால் அழுத்திப் பிடிக்காதீர்கள். முதலில் டிரெஸ்ஸரால் (கல்லின் மேல்பரப்பைச் சீவும் கருவி) கல்லின் முகத்தைத் திறந்துவிடுங்கள்.

நிகண்டு | மார்ச் 5, இரவு 8.15

பழைய சாணைக்கல்லுக்கு இந்த வரிசையில் எழுத்து உண்டா? குருந்தப் பொடியை அரக்கில் பிணைத்துச் சக்கரம் வார்ப்பார்கள் என்பதால் கேட்கிறேன்.

லேத்துப்பட்டறை | மார்ச் 5, இரவு 9.05

உண்டு! இதைக் கேட்டதில் ரொம்ப மகிழ்ச்சி. பிணைப்பு எழுத்துகளில் ‘இ’ என்பது ஷெல்லாக், அதாவது அரக்கு. ஆக நம் பழைய சாணைச் சக்கரம் இன்றைய கணக்கில் ‘ஏ’ வகை மணி, ‘இ’ வகைப் பிணைப்பு. ரோலர், கேம் ஷாஃப்ட், கத்தி வகைகளுக்குக் கண்ணாடி மெருகு ஏற்ற இன்றும் அரக்குப் பிணைப்புக் கல் செய்கிறார்கள்.

செய்முறை எளிது, கெடுவதும் எளிது. அரக்கை மெல்லிய சூட்டில் உருக்க வேண்டும், தீயில் நேரடியாகக் காட்டினால் கருகி நொறுங்கும். சலித்த பொடியையும் தனியாகச் சூடாக்கிக்கொள்ள வேண்டும். குளிர்ந்த பொடியைக் கொட்டினால் அரக்கு கட்டிகட்டியாக உறையும், சக்கரத்தில் சில இடம் வெறும் அரக்காகவும் சில இடம் வெறும் பொடியாகவும் நிற்கும். பொடியே மிகுதியாக இருக்க வேண்டும், அரக்கு மணிகளை ஒட்டவைக்கும் அளவுக்கு மட்டும். மணியெல்லாம் ஒரே பருமனாக இருப்பது அதைவிட முக்கியம். நைசுப் பொடியில் ஒரு பெரிய மணி கலந்தாலும் மெருகில் கோடு விழும்.

அரக்கு எழுபது எண்பது டிகிரியிலேயே இளகும். அதனால்தான் அந்தச் சக்கரத்தை மெதுவாகச் சுற்றி நீர் தெளித்துக்கொண்டே வேலை செய்தார்கள். அந்தச் சக்கரத்தை இன்றைய மோட்டாரில் மாட்டக் கூடாது.

பாறைக்கோடு | மார்ச் 6, காலை 9.30

குருந்தம் நம் மண்ணில் எங்கே இருக்கிறது என்று சொல்லாமல் இந்த இழை முடியக் கூடாது. காங்கேயம் அருகே சிவன்மலை. அங்குள்ள நெஃபலின் சையனைட், கொரண்டம் சையனைட் பாறைகளை இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் தாமஸ் ஹாலந்து 1901இல் விரிவாக எழுதியிருக்கிறார். தருமபுரி மாவட்டத்தில் பாப்பாரப்பட்டிப் பக்கம் ஒரு பட்டை. நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியில், அனார்த்தைட் கனிமம் மிகுந்த அனார்த்தோசைட் பாறைக்குள்ளும் உண்டு. போர்னோன் கர்நாடகப் பகுதிக் கொரண்டத்தோடு ஒட்டிவந்த வெள்ளைக் கனிமத்துக்கு ‘இண்டியனைட்’ என்று பெயரிட்டார், அது அனார்த்தைட். அதே சித்தம்பூண்டிப் பாறையைத்தான் சந்திரயான்-2க்காக நிலவு மண் மாதிரி தயாரிக்க இஸ்ரோ அரைத்தது.

தேடுகிறவர்களுக்கு ஒரு விதி: குவார்ட்சு மலிந்த பாறையில் கொரண்டத்தைத் தேடாதீர்கள். சிலிக்கா மிச்சம் இருந்தால் அலுமினா அதோடு சேர்ந்து சிலிமனைட்டாகவோ கயனைட்டாகவோ போய்விடும். சிலிக்கா பற்றாக்குறையான பாறையில்தான் தனித்து நிற்கும்.

அடையாளம்: ஆறு பக்கம், நடுவில் பருத்து இரு முனையும் சிறுத்த பீப்பாய் வடிவம், மேலே பெரும்பாலும் மைக்காத் தோல். கையில் எடுத்தால் அளவுக்கு மீறிய கனம். குவார்ட்சைச் சுலபமாகக் கீறும், புஷ்பராகத்தையும் கீறும். கீறிப் பார்ப்பதில் ஒரு தவறு நடக்கும். கீறும் கல் மெதுவாக இருந்தால் அதன் பொடியே கோடுபோல் ஒட்டிக்கொள்ளும். ஈர விரலால் துடையுங்கள். கோடு போய்விட்டால் அது கீறல் இல்லை.

கெம்புக்கல் | மார்ச் 6, மதியம் 12.45

வெட்டி மெருகிட்ட கல்லைத் தயவுசெய்து கீறிப் பார்க்காதீர்கள். கீறலில் எதுவும் தெரியவும் தெரியாது, ஏனென்றால் செயற்கை மாணிக்கமும் கொரண்டம்தான், மோஸ் அளவுகோலில் கடினம் அதே 9. ஆகஸ்ட் வெர்னுயில் 1902இல் அறிவித்த முறையில் அலுமினாப் பொடி ஆக்சிஜன்–ஹைட்ரஜன் சுடர் வழியே விழுந்து உருகி, கீழே குமிழ்போல் வளரும். அதனால் உள்ளே வளர்ச்சிக் கோடுகள் வளைந்திருக்கும், சில சமயம் காற்றுக் குமிழியும் இருக்கும். பூமியில் விளைந்த கல்லில் கோடுகள் நேராக, கோணம் திரும்பி நிற்கும்.

பார்க்கும் முறை: கண்ணாடிக் கிண்ணத்தில் எண்ணெய் ஊற்றிக் கல்லை மூழ்கவைத்து, அடியில் வெள்ளைத்தாள் வழியாக வெளிச்சம் விட்டு, பத்து மடங்கு லென்ஸில் கல்லைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். மெருகுக் கோட்டை உள்கோடு என்று நினைத்து ஏமாற வேண்டாம். மெருகுக் கோடு ஒரு பட்டையோடு நின்றுவிடும், உள்கோடு பட்டைகளைத் தாண்டிப் போகும்.

கொரண்டமா இல்லையா என்று மட்டும் அறிய எடை போதும். நகைத்தராசில் காற்றில் எடை, பிறகு மெல்லிய நூலில் கட்டி நீரில் தொங்கவிட்டு எடை. காற்றில் 8.00 கிராம், நீரில் 6.00 என்றால் இழப்பு 2.00. எட்டை இரண்டால் வகுத்தால் 4.00, கொரண்டத்தின் அடர்த்தி. கல்லில் நீர்க்குமிழி ஒட்டியிருந்தால் எண் குறைந்துவிடும், நீரில் ஒரு சொட்டுச் சோப்புக் கரைசல் விடுங்கள். கல் சிறிதாக இருந்தால் தராசின் பிழையே விடையைக் கெடுத்துவிடும். ஒரு கேரட்டுக்குக் கீழே இந்த முறையை நம்பாதீர்கள்.

அகராதிப்பூச்சி | மார்ச் 6, மாலை 4.20

அடர்த்தி 4 வந்தால் கொரண்டமே என்று எடுத்துக்கொள்ளலாமா?

பாறைக்கோடு | மார்ச் 6, மாலை 5.00

முடியாது. நம் பக்கம் எங்கும் கிடக்கும் சிவப்புக் கார்னெட்டும் 4ஐ ஒட்டியே வரும். கரடுமுரடான கல் என்றால் புஷ்பராகத் துண்டால் கார்னெட்டைக் கீறலாம், கொரண்டத்தை முடியாது. வெட்டிய கல் என்றால் ஒளிவிலகல் மானி: கொரண்டம் 1.762, 1.770 என்று இரண்டு எண் காட்டும். கார்னெட் ஒரே எண்தான் காட்டும்.

லேத்துப்பட்டறை | மார்ச் 6, இரவு 7.35

கல் மாட்டப்போகிறவர்களுக்கு ஒன்று விட்டுப்போயிற்று. புது வட்டக்கல்லை மாட்டும் முன் துளையில் விரலோ கம்பியோ விட்டுத் தொங்கவிட்டு, மரக் கைப்பிடியால் விளிம்பிலிருந்து இரண்டு அங்குலத்துக்குள் மெல்லத் தட்டுங்கள். கணீரென்றால் நல்லது, பொத்தென்றால் உள்ளே விரிசல், மாட்டக் கூடாது. இது ‘வி’ கல்லுக்கான சோதனை. ரெசின் கல் நல்லதாக இருந்தாலும் கணீரென்று கேட்காது, அதை வைத்துத் தூக்கிப் போடாதீர்கள்.

வேகத்தையும் பாருங்கள். ‘வி’ கல்லில் விநாடிக்கு 33 மீட்டர் என்று பெரும்பாலும் போட்டிருக்கும். நிமிடத்துக்கு 2850 சுற்று மோட்டாரில் 200 மி.மீ. கல் விளிம்பில் ஏறக்குறைய 30 மீட்டர்தான் போகும். அதே மோட்டாரில் 250 மி.மீ. மாட்டினால் 37ஐத் தாண்டும். மாட்டும்போது பக்கவாட்டில் ஒட்டியுள்ள காகித வட்டைக் கிழிக்க வேண்டாம், அழுத்தம் சமமாகப் பரவ அதுதான் உதவுகிறது. வேலைப்பொருளை வைக்கும் தாங்கிக்கும் கல்லுக்கும் இடைவெளி 3 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது.

நிகண்டு | மார்ச் 7, காலை 8.10

முதல் கேள்விக்குத் திரும்பினால், அகராதியில் நான் பார்க்க விரும்பும் பதிவு இது: தெலுங்கு குருவிந்தம், தமிழ் குருந்தம், இரண்டோடும் உறவுள்ள வடமொழி குருவிந்தம். பொருள்: 1. அரைக்கும் கல். 2. 1802 முதல், மாணிக்கமும் நீலமும் அடங்கிய கனிம இனம். கார்பரண்டத்துக்குத் தனிப் பதிவு, அதில் ‘கொரண்டம் கலந்தது என்று தவறாகக் கருதி வைத்த பெயர்’ என்ற குறிப்பு கட்டாயம்.

லேத்துப்பட்டறை | மார்ச் 7, காலை 8.30

அந்தக் குறிப்போடு ‘எஃகுக்கு ஆகாது’ என்பதையும் சேர்த்துவிடுங்கள் சார்.